கிழவன் சேதுபதி

கிழவன் சேதுபதி என்று வழங்கப்படும் இரகுநாத கிழவன் சேதுபதி, சேது நாடு எனப்பட்ட இராமநாதபுரம் சீமையை 1670களிலிருந்து 1710 ஆம் ஆண்டு வரை ஆண்ட மன்னர் ஆவார். மதுரை நாயக்கர்களுக்குக் கட்டுப்பட்ட பாளையமாக இருந்த சேது நாட்டைத் தன்னுரிமை பெற்ற அரசாக மாற்றியவரும், போகலூரில் இருந்த தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றியவரும் இவரே. புதுக்கோட்டைத் தொண்டைமான் அரசு இவருடைய திருமண உறவால் தோன்றியது. இவருக்குப் பின் எழுந்த வாரிசுப் போரின் முடிவில் சிவகங்கைச் சீமை பிறந்தது. இவருடைய குடும்ப வரலாற்றை அறியாமல் தென்தமிழ்நாட்டின் 18 ஆம் நூற்றாண்டு அரசியலை அறிய இயலாது.

பெயர்

இன்றைய வழக்கில் கிழவன் என்றால் முதியவன் என்றே பொருள். பழந்தமிழில் இச்சொல்லுக்கு உரிமையுடையவன், தலைவன் என்ற பொருளும் உண்டு. கிழமை என்றால் உரிமை. நிலத்துக்கு உரியவர் கிழார். மன்னரின் பெயரில் இரு பொருளும் பொருந்துகின்றன. இவர் சேது நாட்டின் உரிமையாளர். மிக நீண்ட காலம் ஆண்டு எண்பது வயதைக் கடந்து மறைந்தவர். பெயரின் முன்னுள்ள இரகுநாத என்பது இராமபிரானைக் குறிக்கும். இராமேசுவரத்துக்கும் சேதுவுக்கும் காவலர் என்ற முறையில் சேதுபதிகள் பலர் இப்பெயரைச் சூடினர்.

பின்னணி

சேதுபதிகள் செம்பிநாட்டு மறவர் குலத்தைச் சேர்ந்தவர்கள். இராமேசுவரம் செல்லும் வழியைக் காத்து, யாத்திரிகர்களுக்குப் பாதுகாப்பு அளிப்பது இவர்களுடைய மரபுக் கடமை. 1605 ஆம் ஆண்டளவில் மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர், சடைக்கன் என்பவரைச் சேதுபதியாக அங்கீகரித்தார். போகலூர் அப்போது தலைநகராக இருந்தது.

நாயக்கருக்குத் திறை செலுத்துவதும், போர் வந்தால் படையுடன் செல்வதும் சேதுபதியின் பொறுப்புகள். அதற்கு ஈடாக நிலமும் ஆட்சியுரிமையும் கிடைத்தன. திருமலை நாயக்கர் காலத்தில் மைசூர்ப் படை மதுரையை நெருங்கியபோது, அன்றைய இரகுநாத சேதுபதி பெரும் படையுடன் சென்று அதை விரட்டினார். மகிழ்ந்த நாயக்கர் தம் பெயரையே விருதாகத் தந்ததால் அவர் திருமலை சேதுபதி ஆனார். அவருக்குப் பின் சிறிது காலம் அரியணை நிலையாக இல்லை. அந்தச் சூழலில்தான் கிழவன் சேதுபதி ஆட்சிக்கு வந்தார்.

மதுரையும் சேதுபதியும்

ஆட்சியின் தொடக்கத்தில் கிழவன் சேதுபதி மதுரைக்குத் துணையாகவே இருந்தார். சொக்கநாத நாயக்கரின் குதிரைப்படைத் தலைவன் ருஸ்தம்கான், அரசரை ஒதுக்கிவிட்டு அதிகாரத்தைக் கைப்பற்றினான். அவனை ஒழிப்பதில் சேதுபதி உதவியதால் பரராசகேசரி என்ற விருதைப் பெற்றார் என்பது சேது நாட்டு வரலாறு கூறும் செய்தி.

மதுரை அரசு தளரத் தளர, சேதுபதி அதிலிருந்து விலகினார். திறை நின்றது. மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள், 1702 ஆம் ஆண்டில் தளவாய் நரசப்பையாவின் தலைமையில் சேது நாட்டின்மீது படை அனுப்பினார். அப்போரில் மதுரைப் படை தோற்றது. நரசப்பையாவும் களத்தில் மாண்டார். அதன்பின் மதுரையின் மேலாண்மை சேது நாட்டில் பெயரளவுக்குக்கூட நிற்கவில்லை.

தலைநகரும் கடற்கரையும்

போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிய கிழவன் சேதுபதி, அங்கே கோட்டை எழுப்பினார். அரண்மனையின் இராமலிங்க விலாசம் இவர் கட்டியது என்பர். அதன் சுவர்களில் இன்றும் காணப்படும் ஓவியங்கள் அடுத்த மன்னரின் காலத்தவை. தஞ்சை மராத்தியருடன் நடந்த போர், ஐரோப்பியரை மன்னர் வரவேற்கும் காட்சி, அம்பிகை மன்னருக்குச் செங்கோல் வழங்கும் காட்சி ஆகியவை அவற்றில் குறிப்பிடத்தக்கவை.

இடம் மாறியதில் கடலுக்கும் பங்கு உண்டு. மன்னார் வளைகுடாவின் முத்தும் சங்கும், பாம்பன் கால்வாய் வழியே செல்லும் தோணிகளின் வரியும் சேது நாட்டின் முக்கிய வருவாய். 1658 ஆம் ஆண்டில் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக்காரர்கள் இந்தக் கடல் வணிகம் முழுவதையும் தம் கையில் வைத்துக்கொள்ள முயன்றனர். கிழவன் சேதுபதி அவர்களுடன் மோதவும் செய்தார்; ஒப்பந்தங்களும் செய்துகொண்டார்.

கீழக்கரையின் பெருவணிகரும் கொடைவள்ளலுமான சீதக்காதி இவருடைய அவையில் செல்வாக்குடன் விளங்கினார். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடத் துணைநின்ற வள்ளல் இவரே. இந்து மன்னரும் இசுலாமிய வணிகரும் கொண்டிருந்த நட்பு இக்கடற்கரையின் நினைவில் இன்றும் நிலைத்திருக்கிறது.

காதலி நாச்சியாரும் புதுக்கோட்டையும்

கிழவன் சேதுபதியின் மனைவியருள் வரலாற்றில் பெயர் நின்றவர் காதலி நாச்சியார். இவர் கள்ளர் குலத் தொண்டைமான் குடும்பத்தைச் சேர்ந்தவர். மறவர் குல மன்னர் வேறொரு குலத்தில் கொண்ட இந்தத் திருமணம், சேது நாட்டின் வடக்கு எல்லையில் நம்பகமான துணை ஒன்றைத் தேடித் தந்தது.

புதுக்கோட்டைப் பகுதியை அப்போது பல்லவராயர்கள் ஆண்டுவந்தனர். 1686 ஆம் ஆண்டளவில் கிழவன் சேதுபதி அவர்களை நீக்கிவிட்டு, காதலி நாச்சியாரின் சகோதரர் இரகுநாத தொண்டைமானை அங்கே தலைவராக்கினார். மைத்துனருக்குக் கொடுத்த பாளையம் தனி அரசாக வளர்ந்தது. ஆங்கிலேயர் காலத்திலும் சமஸ்தானமாக நீடித்து, 1948 ஆம் ஆண்டில் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. ஏறத்தாழ 260 ஆண்டுகள் நிலைத்த ஓர் அரசின் தொடக்கம் ஒரு திருமணத்தில் இருந்தது.

மருமகளின் முறையீடும் ஓரியூரும்

இக்குடும்பத்தின் இன்னொரு திருமணம் வேறொரு விளைவைத் தந்தது. போர்ச்சுக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் 1647 ஆம் ஆண்டில் உயர்குடியில் பிறந்த ஜான் டி பிரிட்டோ, இயேசு சபைத் துறவியாகி, தமிழ்நாட்டில் அருளானந்தர் என்ற பெயருடன் பணியாற்றினார். 1686 ஆம் ஆண்டில் மறவர் நாட்டில் கைதாகிச் சித்திரவதைக்கு உள்ளான அவரைக் கிழவன் சேதுபதி விடுவித்தார். ஐரோப்பா சென்ற அருளானந்தர் சில ஆண்டுகளில் மீண்டும் மறவர் நாட்டுக்கே திரும்பினார்.

அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் நோயிலிருந்து நலம் பெற்றபின், 1693 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அருளானந்தரிடம் திருமுழுக்குப் பெற்றார். கிறித்தவ நெறிப்படி ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உடன்பிறந்தார் மகள். அவர் மன்னரிடம் சென்று முறையிட்டார். தன் குற்றம் ஏதுமின்றித் தன் நிலையை இழந்த பெண்ணின் முறையீடு அது. தடியத்தேவர் அரியணைக்கு உரிமை கோரக்கூடியவராகக் கருதப்பட்டதால் அரசியல் அச்சமும் அதனுடன் சேர்ந்துகொண்டது. அருளானந்தர் கைது செய்யப்பட்டு ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். 1693 பிப்ரவரி 4 ஆம் நாள் அங்கே அவருடைய தலை வெட்டப்பட்டது. 1947 ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது. அங்குள்ள செம்மண் அவருடைய குருதியால் சிவந்தது என்பது பக்தர்களின் நம்பிக்கை.

மறைவு

ஆட்சியின் இறுதிக் காலம் துயரம் மிகுந்தது. 1709 ஆம் ஆண்டில் புயலும் வெள்ளமும் நாட்டைச் சீரழித்தன, பஞ்சம் தொடர்ந்தது. 1710 ஆம் ஆண்டில் மன்னர் காலமானார்.

அவருடைய சிதையில் 47 மனைவியர் உடன்கட்டை ஏறினர் என்று இயேசு சபைப் பாதிரியார் மார்ட்டின் 1713 ஆம் ஆண்டில் எழுதிய கடிதம் கூறுகிறது. மன்னரின் வெற்றிகளைக் குறிக்கும் நூல்களில் இந்த எண் ஒரு வரியில் கடந்துவிடுவது உண்டு. ஒவ்வொரு திருமணமும் ஏதோ ஓர் ஊருடனோ குடும்பத்துடனோ அரசுக்கு உறவைத் தேடித் தந்தது. அந்த உறவுகளுக்குரிய விலையைக் கடைசியில் கொடுத்தவர்கள் அந்தப் பெண்களே. அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட எஞ்சவில்லை.

வாரிசுப் போர்

கிழவன் சேதுபதிக்குப் பவானி சங்கரத் தேவர் என்ற மகன் இருந்தார். ஆனால் அவருடைய தாய் முறைப்படி மணந்த செம்பிநாட்டு மறவர் குலப் பெண் அல்லர் என்பதால், அரியணையில் அவருக்கு உரிமை இல்லை என்று கருதப்பட்டது. ஆகவே திருவுடையத் தேவர், முத்து விஜய இரகுநாத சேதுபதி என்ற பெயருடன் முடிசூடினார்.

இத்தகைய சிக்கல் சேது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1135 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நார்மன் அரசர் முதலாம் ஹென்றி இறந்தபோது, அவருடைய மகன் குளோஸ்டர் பிரபு ராபர்ட் திறமை மிக்கவராக இருந்தும், திருமணத்துக்கு வெளியே பிறந்தவர் என்பதால் அரியணை ஏற முடியவில்லை. அரசரின் மகள் மட்டில்டாவும் உறவினர் ஸ்டீபனும் உரிமை கோரினர். பிரபுக்கள் இரு பக்கமும் பிரிந்து நின்று பல ஆண்டுகள் போரிட்டனர். நிலத்துக்குப் படை என்ற ஏற்பாட்டில் இயங்கும் நாட்டில், ஒரு குடும்பத்தின் வாரிசு வழக்கு நாட்டின் போராக மாறிவிடும். சேது நாட்டிலும் அதுவே நடந்தது.

நாலுகோட்டைப் பெரிய உடையத் தேவருக்கு 300 வீரர்களைப் பராமரிக்கும் அளவுக்கு நிலம் வழங்கியவர் கிழவன் சேதுபதி. அவருக்குப் பின்வந்த முத்து விஜய இரகுநாத சேதுபதி, தம் மகள் அகிலாண்டேசுவரி நாச்சியாரைப் பெரிய உடையத் தேவரின் மகன் சசிவர்ணத் தேவருக்கு மணமுடித்து, 1000 வீரர்களைப் பராமரிக்கும் அளவுக்கு நிலத்தைப் பெருக்கினார். இம்மன்னர் மறைந்ததும், அவரால் வாரிசாக அறிவிக்கப்பட்ட தண்டத் தேவரைப் பவானி சங்கரர் தஞ்சை மராத்தியரின் உதவியுடன் வீழ்த்தி அரியணையைக் கைப்பற்றினார். சசிவர்ணரும் தம் பாளையத்தை இழந்தார்.

சசிவர்ணரும், தண்டத் தேவரின் தாய்மாமன் கட்டையத் தேவரும் தஞ்சையை நாடினர். தஞ்சை அரசு இப்போது இவர்கள் பக்கம் நின்றது. 1730 ஆம் ஆண்டளவில் பவானி சங்கரர் தோற்றுச் சிறைப்பட்டார். பாம்பாற்றுக்கு வடக்கே இருந்த பகுதி தஞ்சைக்குப் போயிற்று. எஞ்சிய நாடு ஐந்து பங்காக்கப்பட்டு, மூன்று பங்கு கட்டையத் தேவரின் கீழ் இராமநாதபுரமாகவும், இரண்டு பங்கு சசிவர்ணரின் கீழ் சிவகங்கையாகவும் பிரிந்தன.

அக்காள்மடமும் தங்கச்சிமடமும்

இராமேசுவரம் தீவில், பாம்பனைக் கடந்ததும் அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று இரண்டு ஊர்கள் உள்ளன. இவற்றின் பெயர்களை முத்து விஜய இரகுநாத சேதுபதியின் இரு மகள்களுடன் இணைத்துச் சொல்லும் செவிவழிச் செய்தி உண்டு. இருவருக்கும் ஒரே கணவர். அவர் யாத்திரிகர்களிடம் முறையற்ற கட்டணம் வாங்கியதை அறிந்த சேதுபதி, மருமகன் என்றும் பாராமல் மரண தண்டனை விதித்தார். இரு மகள்களும் கணவருடன் தீயில் இறங்கினர். அவர்கள் நினைவாக எழுந்த மடங்களே ஊர்களாயின என்பர். மன்னரின் நீதியைப் போற்றிச் சொல்லப்படும் கதை இது. ஊர்ப்பெயர்களில் நிற்பவர்களோ அந்த இரு பெண்கள்.

குடும்பத்தினரும் உறவினரும்

• காதலி நாச்சியார்: மனைவி; தொண்டைமான் குடும்பத்தவர்.
• இரகுநாத தொண்டைமான்: மைத்துனர், புதுக்கோட்டையின் முதல் தொண்டைமான் மன்னர்.
• பவானி சங்கரத் தேவர்: மகன், பின்னர் சில ஆண்டுகள் சேதுபதி.
• முத்து விஜய இரகுநாத சேதுபதி: 1710 இல் அரியணை ஏறியவர்.
• அகிலாண்டேசுவரி நாச்சியார்: முத்து விஜய இரகுநாதரின் மகள், சசிவர்ணத் தேவரின் மனைவி.

மதிப்பீடு

கிழவன் சேதுபதி ஒரு பாளையத்தை அரசாக உயர்த்தினார். திருமண உறவைக் கொண்டு வடக்கே தொண்டைமானை நிறுத்தினார். படைக்கடமையைக் கொண்டு மேற்கே நாலுகோட்டையை வளர்த்தார். நாட்டைக் காக்க அமைத்த அந்த இரு துணைகளும் தனி அரசுகளாயின. அவர் மறைந்து இருபது ஆண்டுகளில் சேது நாடு மூன்றாகப் பங்கிடப்பட்டது.

பிரிவுக்குப் பிறகும் திருமண உறவு தொடர்ந்தது. சசிவர்ணரின் மகன் முத்துவடுகநாதர், இராமநாதபுரம் சேதுபதியின் மகளான வேலு நாச்சியாரை மணந்தார். 1772 ஆம் ஆண்டில் காளையார்கோவிலில் கணவரை இழந்த வேலு நாச்சியார் உடன்கட்டை ஏறவில்லை. படை திரட்டி, 1780 ஆம் ஆண்டில் சிவகங்கையை ஆங்கிலேயர், நவாப் ஆகியோரின் பிடியிலிருந்து மீட்டு, தாமே ஆட்சி செய்தார். 47 பெண்கள் மன்னரின் சிதையில் மாண்ட எழுபது ஆண்டுகளில், அதே அரச மரபில் பிறந்த பெண்ணொருத்தி வாளேந்தி நாட்டை மீட்டாள் என்பது சேது நாட்டு வரலாற்றில் மறக்கக்கூடாத செய்தியாகும்.