இரண்டு டெம்ப்: சி மொழி மேக்ரோவில் ஒரு பெயர்க் குழப்பம்

திருவண்ணாமலை கிரிவலம் மொத்தம் 14 கிலோமீட்டர். வழியில் எட்டு லிங்கங்கள். "லிங்கத்துக்குப் பக்கத்துல நிக்கிறேன்" என்று போனில் சொன்னால் யாராலும் வந்து சேர முடியாது. அக்னி லிங்கமா, குபேர லிங்கமா என்று முன்னால் ஒரு சொல் வேண்டும். சி மொழியில் மேக்ரோ எழுதுபவர்கள் கடைசியில் வந்து நின்றதும் இந்த இடத்தில்தான்.

பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில் முதலில் மேக்ரோவே கிடையாது. ஆலன் ஸ்னைடர் வற்புறுத்தியதால் 1972-73 வாக்கில் ப்ரீப்ராசசர் வந்தது. அப்போது அது செய்தது, வேறு ஃபைலை உள்ளே சேர்ப்பதும் ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பதும் மட்டுமே. பிறகு மைக் லெஸ்க்கும் அடுத்து ஜான் ரைசரும் அதை வளர்த்தார்கள். மதிப்புகளை வாங்கிக்கொள்ளும் மேக்ரோ அப்படித்தான் வந்தது. வில்லங்கமும் கூடவே வந்தது!

ப்ரீப்ராசசருக்கு சி தெரியாது. அது வெட்டி ஒட்டும், அவ்வளவுதான். இரண்டு எண்களை இடம் மாற்ற ஒரு மேக்ரோ எழுதி, அதற்குள் தற்காலிகமாக 'டெம்ப்' என்று ஒரு வேரியபிள் வைக்கிறார் ஒருவர். அதைப் பயன்படுத்துபவரிடமும் 'டெம்ப்' என்றே ஒரு வேரியபிள் இருக்கிறது (யாரிடம்தான் இல்லை?). ஒட்டியவுடன் உள்ளே இருக்கும் டெம்ப் வெளியே இருப்பதை மறைத்துவிடும். எண்கள் இடம் மாறாது, எரரும் வராது. மார்க் லிஸ்டை வரிசைப்படுத்தும் புரோகிராமில் இது நடந்தால் யார் முதல் ரேங்க் என்பதே தப்பாகிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், சி பிறப்பதற்கு முன்பே இதற்கு விடை இருந்தது. 1960-ல் வந்த ஆல்கால் 60 அறிக்கையே, பெயர் மோதினால் முறையாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டது. 1986-ல் கோல்பெக்கர், ஃபிரீட்மன், ஃபெலைசன், டூபா ஆகிய நால்வர் லிஸ்ப் குடும்ப மொழிகளுக்கு, தானாகவே பெயரை மாற்றும் 'சுகாதாரமான' மேக்ரோவைக் காட்டினார்கள். ஸ்கீம் மொழி அதை ஏற்றுக்கொண்டது.

சி ஏற்கவில்லை. 1989-ல் வந்த ஆன்சி தரம் வேலி மட்டும் போட்டது. இரண்டு அடிக்கோட்டிலோ, அடிக்கோடும் பெரிய எழுத்துமாகவோ தொடங்கும் பெயர்கள் கம்பைலருக்கும் அதன் லைப்ரரிக்கும் சொந்தம், மற்றவர்கள் தொடக்கூடாது. மற்றவர்கள் தங்கள் புராஜெக்ட் பெயரையே முன்னால் ஒட்டிக்கொண்டார்கள். 1999 தரத்தில் இன்லைன் ஃபங்ஷன் வந்ததும் பல மேக்ரோக்களுக்குத் தேவையே இல்லாமல் போனது.

2008-ல் ஜிசிசி 4.3 பதிப்பில் ஒரு கவுண்டர் வந்தது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அடுத்த எண்ணைக் கொடுக்கும். அதைப் பெயரோடு ஒட்டினால் டெம்ப்1, டெம்ப்2 என்று வேறு வேறு பெயர் கிடைக்கும். லினக்ஸ் கெர்னலின் மின், மேக்ஸ் மேக்ரோக்கள் இந்த வழியில்தான் தப்பிக்கின்றன. ஆனால் கவுண்டர் கம்பைலர்காரர்கள் தந்த வசதி. 2024-ல் வெளியான சி தரத்திலும் மேக்ரோவுக்குள் பெயரைத் தானாக மாற்றும் ஏற்பாடு இல்லை.