ஒரு மீட்டர் குழாய்

எங்கள் ஊர் பெயர் திருவண்ணாமலை. உடனே தீபம், கிரிவலம் என்று ஆரம்பிக்காதீர்கள். இது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் இருக்கிற திருவண்ணாமலை. புரட்டாசி சனிக்கிழமை ராஜபாளையம் பக்கமிருந்து பைக்குகள் சாரை சாரையாக வரும். அதில் ஆர்எக்ஸ் 100 எது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். பஃபிள் கழட்டின வண்டி என்றால் அடிவாரத்து நாய்களே சொல்லிவிடும்.

நானும் கழட்டினவன்தான், வண்டி வாங்கிய முதல் வாரமே. சைலன்சரின் வால் பக்கம் இருக்கிற போல்ட்டை எடுத்து, உள்ளே இருக்கிற ஓட்டைக் குழாயை உருவினால் முடிந்தது வேலை. சத்தம் கூடியது. வேகமும் கூடியதாக நம்பினேன். மூன்றாவது வாரம் நடுரோட்டில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது.

ராஜபாளையத்து ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி பிளக்கைக் கழற்றிக் காட்டினார். சுண்ணாம்பு வெள்ளை. "டீ கலர்ல இருக்கணும் தம்பி. பின்னாடி தொறந்துவிட்டீயளே, கார்புரேட்டர்ல ஜெட்ட மாத்துனீயளா?" ஜெட் என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகாமல் என்ஜின் சூடேறிச் செத்திருக்கிறது. ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே அவர் ஒன்று சொன்னார்: "இந்தக் கொழாயக் கண்டுபிடிச்ச ஜெர்மன்காரன் அதுக்காக நாட்டவிட்டே ஓடிப்போனான். நீங்க அத ஒரே போல்ட்டுல கெடுத்துட்டீய."

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அவர் சொன்னதில் முக்கால்வாசி சரி. கண்டுபிடித்தவர் ஓடவில்லை. ஓடியவர் வேறொருவர்.

முதலில் குழாயின் கதை. புல்லட் மாதிரி ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் வால்வு உண்டு, கதவு மாதிரி திறந்து மூடும். டூ ஸ்ட்ரோக்கில் அது கிடையாது. சிலிண்டர் சுவரில் ஓட்டைகள்தான். புகை வெளியே போகிற அதே நேரத்தில் புதுப் பெட்ரோல் கலவை உள்ளே வருகிறது, அதில் ஒரு பங்கு புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். தடுக்கக் கதவில்லாத இடத்தில் ஒலி அலையைக் கதவாக்கியதுதான் இந்தக் குழாயின் சாமர்த்தியம். புகை வெடித்துக் கிளம்பும்போது ஓர் அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. குழாய் விரிகிற இடத்தில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி மிச்சப் புகையை இழுக்கிறது. மறுபடி குறுகுகிற இடத்தில் மோதி அழுத்த அலையாகத் திரும்பி, தப்பி ஓடின கலவையை சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. பிஸ்டன் ஓட்டையை மூடுவதற்கு நொடியில் சிறு துளி முன்னால் இது நடக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 7,500 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8 மில்லி வினாடி. புகை ஓட்டை ஏறக்குறைய அரைச் சுற்று திறந்திருக்கும், அதாவது 4 மில்லி வினாடி. சூடான புகையில் அலை வினாடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடும். போய்வர 2 மீட்டர், ஆகவே குழாய் 1 மீட்டர். 10,000 சுற்றுக்கு வேண்டுமென்றால் 75 சென்டிமீட்டர். குட்டைக் குழாய் உச்ச வேகத்தில் இழுக்கும், கீழே சவ சவ என்று கிடக்கும். நெட்டைக் குழாய் நேர் எதிர். இரண்டும் வேண்டும் என்று கேட்டால் நடக்காது.

இதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தவர் வால்டர் காடன். போர்க்காலத்தில் பீனமுண்டே ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் தொழிற்சாலையில் பந்தய வண்டிகளுக்குப் பொறுப்பேற்றார். காசு கிடையாது, நல்ல உலோகம் கிடையாது. ஆசிலோஸ்கோப்பில் அலையைப் பார்த்துப் பார்த்துக் குழாயின் கூம்புகளைத் திருத்தினார். 1961-இல் அவருடைய 125 சிசி என்ஜின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. லிட்டருக்கு 200! டர்போ, சூப்பர்சார்ஜர் எதுவும் இல்லாமல்.

அந்த வண்டியை ஓட்டியவர் எர்ன்ஸ்ட் டெக்னர். 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. செப்டம்பரில், ஸ்வீடனில் நடந்த பந்தயத்தில் வண்டி நின்றுபோக, டெக்னர் ஊர் திரும்பாமல் மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட்டார். மனைவியும் பிள்ளைகளும் காரில் ஒளித்து எல்லை தாண்டிக் கொண்டுவரப்பட்டார்கள். அடுத்து ஜப்பான், சுசூகி. 1962-இல் 50 சிசி உலகப் பட்டம், சுசூகியின் முதல் உலகப் பட்டம், டெக்னர் கையில். சுசூகா பந்தயப் பாதையில் ஒரு வளைவுக்கு இன்றும் அவர் பெயர். காடனோ அதே தொழிற்சாலையில், தன் கணக்கு இன்னொருவன் வண்டியில் ஜெயிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு டெக்னர் மேல் கோபம் வரவில்லை. குடும்பத்தோடு வெளியேற அவரிடம் விற்பதற்கு வேறு என்ன இருந்தது? ஆனால் வருத்தம் காடன் பக்கம்தான் சாய்கிறது.

சுசூகி அங்கிருந்து நம் ஓசூருக்கே வந்தது. டிவிஎஸ்ஸோடு கூட்டுச் சேர்ந்து 1984-இல் இந்த்-சுசூகி ஏஎக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக்கை இறக்கினார்கள். அடுத்த வருடம் எஸ்கார்ட்ஸ் வழியாக யமஹா ஆர்எக்ஸ் 100: 98 சிசி, 11 குதிரைத்திறன். 1996-இல் அது நின்றது. குரோம் பளபளப்புக்குள் அந்த விரிகூம்பும் குறுகுகூம்பும் அப்படியே இருக்கின்றன. வால் பக்கத்து பஃபிளும் கணக்கில் சேர்ந்ததுதான், அழுத்தத்தை அளவோடு பிடித்துவைப்பது அதுவும்தான். வெட்டி எறிந்தால் மிஞ்சுவது சத்தம் மட்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு சத்தத்துக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் வேறு. பல நகரங்களில் போலீஸ் சைலன்சர்களை ரோட்டில் பரப்பி ரோடு ரோலர் ஏற்றுகிறார்கள். பாவம், அந்தக் குவியலில் கணக்குப் போட்டு வெல்டிங் வைத்த நல்ல குழாயும் ஒன்றிரண்டு நசுங்கும்.

சிலிண்டர் ரீபோர் முடிந்ததும் அண்ணாச்சியிடம் ஆசையாகக் கேட்டேன், குட்டையாக ஒரு ரேஸ் பைப் செய்து தருவீர்களா என்று. பட்டறை மூலையில் ஒன்று தொங்கியது. தகடு தகடாக வெட்டிச் சுருட்டி ஒட்டின கூம்புகள், வெல்டிங் தழும்பு ஓரம் நீலம் பாய்ந்திருந்தது. அழகு.

"செய்யலாம். வண்டிய எங்க ஓட்டப் போறீய?"

"வீட்லருந்து ஸ்ரீவில்லிபுத்தூர். சனிக்கிழமை அம்மாவ ஏத்திக்கிட்டு கோயிலுக்கு."

"புரட்டாசிக் கூட்டத்துல பத்தாயிரம் சுத்துக்கு எங்க போவீய?" என்றபடி பழைய பஃபிளின் கரியைச் சுரண்டி, வால் பக்கம் செருகி, போல்ட்டை இறுக்கினார்.