கூண்டுக்குப் பதில் வந்த காகிதங்கள்



நம் குடியிருப்பிலிருந்து ஒரு குடும்பம் வேலை நிமித்தம் ஜெர்மனி செல்கிறது. வளர்ப்பு நாயையும் அழைத்துப்போக ஆசை. "சார், நீங்க பேங்க்ல இருந்தவர், இந்தப் பேப்பரையெல்லாம் கொஞ்சம் பாருங்க" என்று கோப்பைக் கொடுத்தார்கள். பயணத்துக்கு ஒரு மாதமே இருந்தது. விதிகளோ நான்கு மாதம் கேட்டன. ஏன் இத்தனை கெடுபிடி என்று தேடியபோது கிடைத்த வரலாறு இது.

காரணம் வெறிநாய்க்கடி நோய். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிது. 1885-ல் பாரிஸில் லூயி பாஸ்டர் 9 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பூசி போட்டார். 1907-ல் நம் குன்னூரிலும் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசிகளை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

தீவு நாடான பிரிட்டன் நோயை வாசலிலேயே தடுக்கப் பார்த்தது. 1897-ல் வெளிநாட்டு நாய்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. 1902-ல் நோய் ஒழிந்தது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் ஒளித்துக் கொண்டுவந்த நாய்கள் வழியே 1918-ல் அது மீண்டும் நுழைந்ததாகச் சொல்வார்கள். மறுபடி ஒழிக்க 1922 ஆகிவிட்டது. அதன்பின் பல தலைமுறைக்கு, அங்கே இறங்கிய நாய் 6 மாதம் கூண்டில்தான். 2000-ல் சில நாடுகளுக்கு இது தளர்ந்தது. நம் நாட்டு நாய்களுக்கு அந்த வழி 2012-ல்தான் திறந்தது. நாம் சலித்துக்கொள்ளும் காகிதங்கள் அந்தக் கூண்டுக்குப் பதிலாக வந்தவை.

இன்று ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு என்ன வேண்டும்? முதலில் நாயின் உடலில் 15 இலக்க எண் கொண்ட மைக்ரோசிப். அதன் பிறகே வெறிநோய்த் தடுப்பூசி. குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அவர்கள் அங்கீகரித்த ஆய்வகத்தில் பரிசோதனை. ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதக் காத்திருப்பு. ஏற்கெனவே தொற்றியிருந்தால் அதற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும் என்பது கணக்கு. புறப்படும்முன் கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றும், சென்னையிலுள்ள மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையச் சான்றும் தேவை.

வரிசை மாறக்கூடாது. பீங்கான் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஈரம் காயாத பொம்மையைச் சூளையில் வைத்தால் விரிசல்தான். அந்தக் குடும்பம் தடுப்பூசியைத் தவறாமல் போட்டிருந்தது, சிப் பொருத்தவில்லை. அதனால் அந்த ஊசி கணக்கில் சேராது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். குழந்தை அழுதது. நாய் இப்போது பாட்டி வீட்டில் காத்திருக்கிறது.

நாயோடு வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் 6 மாதம் முன்பே தொடங்குங்கள். எங்கும் போகாவிட்டாலும் தடுப்பூசி அட்டையில் அடுத்த தேதியை இன்றே பாருங்கள். அது நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.