கடையிலும் வேலையிலும் நம் விவரங்கள்: கொடுக்கும் முன் அறிய வேண்டியவை

கடலூரில் துணி எடுத்தாலும் சிதம்பரத்தில் மளிகை வாங்கினாலும் பில் போடும்போது செல்போன் எண் கேட்கிறார்கள். வேலையில் சேர்ந்தால் ஆதார் நகலும் கைரேகையும் கேட்கிறார்கள். யோசிக்காமல் கொடுத்துவிடுகிறோம். இதில் நமக்குள்ள உரிமைகளைப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் இதற்கென்று தனி மாநிலச் சட்டம் இல்லை. மத்தியச் சட்டங்களே பொருந்தும். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 24.08.2017 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

வாடிக்கையாளருக்கு

செல்போன் எண் தந்தால்தான் பில் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் துறை அறிவுறுத்தியது. நம்பிக் கொடுத்த சொந்த விவரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிறருக்குத் தருவது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 எண்ணில் புகார் சொல்லலாம். இழப்பீடு கோர, 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்யலாம். வாங்கியது வெளியூரில் என்றாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். பில்லைப் பத்திரமாக வைத்திருப்பது அவசியம்.

உடை மாற்றும் அறையில் ரகசியமாகப் படம் எடுப்பது குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு 66இ-யின்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு. நம் வீட்டுப் பெண்கள் தயங்காமல் காவல்துறையிடம் செல்ல வேண்டும்.

ஊழியருக்கு

பி.எஃப். கணக்குக்கு ஆதார் தேவை. அதைக் கேட்பது தவறல்ல. ஆனால் எதற்காக வாங்குகிறார்கள், யார் பார்ப்பார்கள் என்று கேட்பதும் தவறல்ல. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை சார்ந்த சில தேவைகளுக்கு ஒப்புதல் இல்லாமலே விவரங்களைப் பயன்படுத்த முதலாளிக்கு இடம் தருகிறது. அதைக் காரணம் காட்டி நம் விவரங்களை வேறு வியாபாரத்துக்குக் கொடுக்க முடியாது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் பெறவும், தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் இச்சட்டம் வழி செய்கிறது. பாதுகாப்பில் கோட்டை விடும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியப் பிரிவுகள் அதிலிருந்து 18 மாதங்களில் நடைமுறைக்கு வருகின்றன.

இன்றே செய்யக்கூடியவை

கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரைப் பதிவிறக்கி, அது போதும் என்ற இடங்களில் அதையே கொடுப்போம். நகலில் தேதியையும் நோக்கத்தையும் எழுதிக் கையெழுத்திடுவோம். ஆதார் கைரேகையைப் பூட்டி வைப்போம். பணம் பறிபோனால் உடனே 1930 எண்ணை அழைப்போம்.

பரங்கிப்பேட்டை, லால்பேட்டை போன்ற ஊர்களில் வெளிநாட்டு வேலைக்காகப் பாஸ்போர்ட் நகல்களைப் பலரிடம் கொடுப்பவர்கள் அதிகம். யாரிடம், எப்போது, எதற்காகக் கொடுத்தோம் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால், பின்னால் சிக்கல் வரும்போது அதுவே சாட்சியாக நிற்கும்.