ஒரு தட்டு காணும்

விளையாட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பந்தைப் பற்றித்தான் எழுதுவார்கள். தட்டையான பொருட்களை யாரும் பெரிசாகக் கண்டுகொள்வதில்லை. பாடசாலையில் எங்களுக்குத் தெரிந்த ஒரே தட்டு பரிதிவட்டம். ஆண்களுக்கு 2 கிலோ, பெண்களுக்கு 1 கிலோ. அதைத் தூக்கவே தோள் வேணும். இந்தக் கட்டுரை அதைவிட மெல்லிய, 180 கிராமைத் தாண்டாத ஒரு பிளாஸ்ரிக் தட்டைப் பற்றியது. டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறவர்கள் இதை 'மிட்ரேஞ்ச்' என்பார்கள். நாங்கள் நடுத்தூரத் தட்டு என்று வைத்துக்கொள்வோம். அதை எப்படித் தெரிவுசெய்வது, எப்படி எறிவது என்பதையும் சொல்லத்தான் போகிறோம். ஆனால் அதற்கு முதல் அது எங்கேயிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். எந்தத் தட்டை வாங்குவது என்ற கேள்விக்குப் பதில் அந்த வரலாற்றுக்குள்தான் இருக்கு.

டிஸ்க் கோல்ஃப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். கோல்ஃப் மாதிரியேதான், ஆனால் மட்டையும் பந்தும் இல்லை. ஒரு இடத்தில் நின்று தட்டை எறிவீர்கள். விழுந்த இடத்துக்கு நடந்து போய் அங்கிருந்து மறுபடி எறிவீர்கள். கடைசியில் சங்கிலிகள் தொங்கும் ஒரு இரும்புக் கூடைக்குள் தட்டு விழவேண்டும். ஆகக் குறைந்த எறிகளில் முடித்தவர் வென்றார். அவ்வளவுதான்.

இனிக் கதைக்கு வருவோம். 1938இல் கலிபோர்னியாவின் சான்ரா மொனிக்கா கடற்கரையில் வோல்ரர் ஃபிரெடெரிக் மொறிசன் என்ற இளைஞனும் அவனுடைய காதலி லூசிலும் ஒரு கேக் தட்டை எறிந்து பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டு நின்ற ஒருவர் அதை 25 சதத்துக்குக் கேட்டாராம். கடையில் அதன் விலை 5 சதம். அந்த 20 சத இலாபம்தான் மொறிசனின் தலைக்குள் புகுந்தது. இடையில் உலகப்போர் வந்தது. மொறிசன் விமானியாகப் போய்ப் போர்க்கைதியாகித் திரும்பினார். பறக்கும் தட்டுக்களைக் கண்டதாக 1947இல் அமெரிக்கப் பத்திரிகைகள் அலறத் தொடங்க, அடுத்த வருடமே அவர் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து அந்தப் பெயரிலேயே பிளாஸ்ரிக் தட்டொன்றைச் செய்தார். அதன் திருத்திய வடிவமான 'புளூட்டோ பிளாற்றர்' 1957 ஜனவரியில் வாம்-ஓ கம்பனியின் கைக்குப் போனது. அதே வருடம் அதற்கு 'ஃபிரிஸ்பீ' என்று பெயர் வைத்தார்கள். கனெற்றிக்கட் மாநிலத்தில் ஃபிரிஸ்பி என்ற பேக்கரியின் பை ரின்களை எறிந்து விளையாடிய மாணவர்களிடமிருந்து வந்த பெயர் இது என்று சொல்லப்படுகிறது.

கவனியுங்கள்: இதுவரைக்கும் தட்டு ஒன்றுதான். தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று என்ற பேச்சே இல்லை.

தட்டை ஒரு இலக்குக்கு எறியும் விளையாட்டும் பணக்காரக் கழகம் எதிலிருந்தும் வரவில்லை. பதிவில் இருக்கும் ஆகப் பழைய உதாரணம் 1926ஆம் ஆண்டினது. கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில் பிளாட்வேர்த் என்ற சிற்றூரின் பாடசாலைப் பிள்ளைகள் ரின் மூடிகளை வைத்து 'ரின் மூடி கோல்ஃப்' ஆடினார்கள். இதை ஒழுங்கான விளையாட்டாக்கியவர் எட் ஹெட்றிக். 1964இல் வாம்-ஓவில் சேர்ந்த இவர், தட்டின் மேற்பரப்பில் வட்டவட்டமான மெல்லிய வரிகளைச் சேர்த்துப் பறத்தலை நிலையாக்கினார். அதற்கான காப்புரிமை 1967இல் கிடைத்தது. 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குறோவ் பூங்காவில் முதலாவது நிரந்தரக் களம் வந்தது. அங்கே தொடக்கத்தில் கூடைகூட இல்லை, வெறும் கம்பங்கள்தான். தட்டு கம்பத்தில் பட்டதா இல்லையா என்று சண்டை வரும்தானே? அதனால் சங்கிலிக் கூடையை வடிவமைத்து, 1977இல் அதற்கும் காப்புரிமை எடுத்தார். 1976இல் தொழில்முறைச் சங்கமும் தொடங்கியாயிற்று. 2002இல் ஹெட்றிக் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அவருடைய சாம்பலைப் பிளாஸ்ரிக்கில் கலந்து தட்டுக்களாக வார்த்தார்கள்.

இந்தக் கதையில் எங்களுக்கு முக்கியமான சொல் 'பூங்கா'. இன்றைக்கும் உலகில் பெரும்பாலான டிஸ்க் கோல்ஃப் களங்கள் பொதுப் பூங்காக்களில்தான் இருக்கின்றன. யாரும் போகலாம், காசு கட்டத் தேவையில்லை. இதைக் கொழும்பின் கோல்ஃப் வரலாற்றோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1879இல் தொடங்கிய கொழும்பு கோல்ஃப் கழகம் முதலில் ஆடியது காலிமுகத்திடலில். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் 'கொழும்பின் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும்' என்று கல்லில் பொறித்துக் கொடுத்த நடைபாதை இருக்கும் அதே திடல்தான். நடக்கிறவர்களுக்கு நடுவே கல்லு மாதிரிப் பந்தை அடிக்க எத்தனை நாளைக்கு ஏலும்? 1896இல் விளையாட்டு பொரளைப் பக்கம் றிஜ்வே களத்துக்குப் போனது. 1928இல் கழகத்துக்கு 'றோயல்' பட்டமும் வந்தது. களனிவெளி ரயிலில் போகிறவர்கள் அந்தப் பச்சையை ஜன்னலால் பார்த்திருப்பீர்கள், ரயில் அதன் ஊடாகத்தான் போகிறது. பார்க்கலாம், இறங்கி ஆட ஏலாது. திறந்த வெளியில் தொடங்கிய விளையாட்டு வேலிக்குள்ளே போனது கோல்ஃபின் கதை. டிஸ்க் கோல்ஃப் அந்த வேலிக்கு வெளியே பிறந்தது.

ஆனால் வேலி என்பது நிலத்தில் மட்டும் இருப்பதில்லை, விலையிலும் வரும். அது 1983க்குப் பிந்திய கதை.

அந்த வருடம் டேவ் டனிபேஸ் என்பவர், பிற்காலத்தில் இனோவா என்று பெயரெடுத்த நிறுவனத்துக்காக, விளிம்பைச் சரிவாகச் சீவினமாதிரி ஒரு தட்டைச் செய்தார். பெயர் 'ஈகிள்'. அதற்கு முந்திய ஃபிரிஸ்பீயின் விளிம்பு உருண்டையாக இருக்கும். புதிய விளிம்பு காற்றைக் கத்திமாதிரி வெட்டியது, தூரம் கூடியது. ஆனால் உருண்டை விளிம்பைப்போல அது மெதுவாக மிதந்து வராது, பிடிக்கிறவனின் விரலையும் பதம் பார்க்கும். எறிந்து பிடிக்கும் தட்டும் எறிந்துவிட்டுப் போய் எடுக்கும் தட்டும் அன்றோடு பிரிந்துவிட்டன.

1987இல் அதே நிறுவனத்தின் 'ரொக்' வந்தது. சிந்துபாத் கதைகளில் யானையைத் தூக்கிப் போகும் இராட்சதப் பறவையின் பெயரும் ரொக்தான். அந்தச் சிந்துபாத் ஒருமுறை செரெண்டிப்புக்கு, அதாவது எங்கட தீவுக்கும், வந்ததாகக் கதை. 12 தடவை உலகப்பட்டம் வென்ற கென் கிளைமோவின் முதலெழுத்துக்களைத் தாங்கிய ரொக் ஒன்றும் உண்டு. இன்று ரொக் என்றால் நடுத்தூரத் தட்டின் தாத்தா. ஆனால் அது வந்த காலத்தில் இன்றைய அகலவிளிம்பு 'டிரைவர்'கள் கிடையாது. பின்னால் வந்த தட்டுக்கள் இன்னும் வேகமாகி, இன்னும் மெல்லிசாகி, அதைத் தள்ளித்தள்ளி நடுவுக்குக் கொண்டுவந்தன. ரொக் நகரவில்லை, சந்தைதான் நகர்ந்தது.

இப்போது ஒரு ஆட்டக்காரர் பையில் பத்துப் பதினைந்து தட்டு வைத்திருப்பது சாதாரணம். அவற்றைப் பிரித்தறிய நாலு இலக்கங்கள் அச்சிடுகிறார்கள்: வேகம், மிதப்பு, திரும்பல், சரிவு. ரொக்குக்கு 4, 4, 0, 3. டிஸ்கிறாஃப்ற் நிறுவனம் 2003இல் வெளியிட்ட 'பஸ்' என்ற தட்டுக்கு 5, 4, -1, 1. இதில் வேகம் என்றால் தட்டு போகும் வேகம் இல்லை, அது ஒழுங்காகப் பறக்க நீங்கள் கொடுக்கவேண்டிய வேகம். புதுசாகத் தொடங்குகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். 12, 13 என்று போட்டிருக்கும் தட்டை ஆசைப்பட்டு வாங்குவார்கள். கையில் அந்த வேகம் இல்லாததால் அது கொஞ்ச தூரம் போய் இடப்பக்கம் வெட்டி விழும். அதே கையால் 5ஆம் வேகத் தட்டை எறிந்தால் நேராகப் போகும், சிலவேளை இன்னும் தூரமாகவும் போகும். இந்த இலக்கங்கள் தயாரிப்பாளர் தாங்களே போடுகிறவை என்பதையும் மனதில் வையுங்கள். தொழில்முறைச் சங்கம் அளந்து அனுமதிப்பது விட்டம், நிறை, விளிம்பின் அகலம் போன்றவற்றைத்தான். விட்டத்தின் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் 8.3 கிராமுக்கு மேல் கூடாது என்பது விதி. ரொக்கின் விட்டம் 21.7 சென்ரிமீற்றர், பெருக்கிப் பாருங்கள், 180 வரும்.

ஏன் இடப்பக்கம் வெட்டுது? வலக்கையால் பின்கை எறி எறியும்போது, மேலேயிருந்து பார்த்தால் தட்டு மணிக்கூட்டு முள்ளின் திசையில் சுழலும். வேகம் குறையக் குறையக் காற்று தட்டின் முன்பக்கத்தை மேலே தள்ளப் பார்க்கும். ஆனால் சுழலும் பொருளைத் தள்ளினால் தள்ளின இடத்தில் அது சரியாது, கால் சுற்றுத் தள்ளித்தான் சரியும். பம்பரம் விட்டவர்களுக்கு இது விளங்கும். அதனால் முன்பக்கம் எழும்புவதற்குப் பதிலாகத் தட்டு இடப்பக்கம் சாய்கிறது. இடக்கைக்காரருக்கு எல்லாமே மறுபக்கம். நாலாவது இலக்கம் பெரிதென்றால் இந்தச் சாய்வு கூட. மூன்றாவது இலக்கம் கழித்தலில் போனால், எறிந்த உடனே, வேகம் இருக்கும்போது, தட்டு வலப்பக்கம் திரும்பும்.

ஆக, ஒரு தட்டு மட்டும் வாங்க முடியுமென்றால்? நடுத்தூரத் தட்டு. அதிலும் திரும்பல் 0 அல்லது -1, சரிவு 1 என்ற மாதிரி நேராகப் போவது. நிறை 165 முதல் 175 கிராம் வரை இருந்தால் நல்லது, சின்னப் பிள்ளைகளுக்கு 150க்குக் கிட்ட. விளிம்பு அகலமில்லாததால் எந்தக் கைக்கும் அடங்கும். கூடைக்குக் கிட்ட நின்றும் எறியலாம், அறுபது மீற்றர் தள்ளி நின்றும் எறியலாம். எல்லாவற்றையும்விட, அது பொய் சொல்லாது. நீங்கள் சரித்து விட்டால் சரிந்து போகும், நேராக விட்டால் நேராகப் போகும். பிழை கையிலா தட்டிலா என்று குழம்பத் தேவையில்லை.

எறிவதும் பெரிய வித்தையில்லை. இலக்குக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். பெருவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே விரிந்தபடி, சுட்டுவிரல் விளிம்போடு. தட்டை நெஞ்சு உயரத்தில் பின்னுக்குக் கொண்டுபோய் நேர்கோட்டில் இழுத்து வாருங்கள், வளைத்துச் சுற்றவேண்டாம். இடுப்பு முதலில் திரும்பும், தோள் அடுத்தது, மணிக்கட்டு கடைசி. முன்விளிம்பு மேலே தூக்கினால் தட்டு உயர எழும்பிச் செத்து விழும். முதல் ஒரு மாதம் தூரத்தை மறந்துவிட்டு, தலைக்கு மேல் போகாத உயரத்தில் நேராகப் போகுதா என்று மட்டும் பாருங்கள்.

பிறகு காற்று. களனி கங்கை கடலோடு சேரும் எங்கள் பக்கத்தில், தென்மேல் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் காக்கைதீவுக் கடற்கரையில் நின்றால் தெரியும், கடலைப் பார்த்து எறிவதும் ஊரைப் பார்த்து எறிவதும் ஒன்றில்லை. எதிர்க்காற்றில் தட்டு தன் வேகத்தைவிடக் கூடிய வேகத்தில் போவதாக உணரும், வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். அப்போது தாழ்வாக, கொஞ்சம் இடப்பக்கம் சரித்து விடவேண்டும். பின்காற்றில் கெதியாகச் சாயும். கடைக்காரர் இதற்கு இரண்டு தட்டு விற்பார். பழகின கை ஒரே தட்டால் சமாளிக்கும்.

தட்டு விளையாட்டுக்கு எங்கட ஆக்கள் எங்கே என்று கேட்டால், சென்னையைப் பாருங்கள். அங்கே வளர்ந்தது கோல்ஃப் இல்லை, ஆளுக்காள் கடத்திப் புள்ளி எடுக்கும் 'அல்ற்றிமேற்'. அதற்குப் பொதுவாகப் பாவிக்கும் தட்டின் நிறை 175 கிராம். அந்த நிறையையே தலைப்பாக வைத்துச் சென்னை அணியொன்றைப் பற்றி எடுத்த குறும்படம் 2015இல் சன்டான்ஸ் வரை போனது. ஆண்களும் பெண்களும் ஒரே அணியில், நடுவர் இல்லாமல், கடற்கரை மணலில் ஆடும் விளையாட்டு அது. பத்துப் பதினாலு பேருக்கு அங்கே ஒரு தட்டு காணும்.

கடைசியாக ஒரு விசயம், எங்கட கடலைப் பற்றியது. இந்தத் தட்டுக்கள் எல்லாமே அரிசிமணி அளவான பிளாஸ்ரிக் மணிகளை உருக்கி அச்சில் வார்த்தவைதான். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது அதிலிருந்த சுமார் 1,680 தொன் மணிகளும் அந்த இனம்தான். நீர்கொழும்புப் பக்கக் கரைகளில் அள்ளி முடியாமல் கிடந்தவற்றை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அதனால் 'இன்னும் ஒரு தட்டு வாங்கு' என்ற பேச்சு எங்களுக்கு வெறும் காசுக் கணக்கு மட்டும் இல்லை.

கொழும்பு 15இல் நிலம் குறைவு, ஆள் கூட. சங்கிலிக் கூடைகளோடு பதினெட்டு இலக்குக் களம் ஒன்று நாளைக்கு வரப்போவதில்லை. ஆனால் ஓக் குறோவிலும் முதலில் நின்றது கம்பம்தான், பிளாட்வேர்த்தில் பறந்ததும் ரின் மூடிதான். விடியக்காலையில், நடக்கிறவர்கள் வரமுதல், பூங்காவின் ஒரு மூலையில் ஒரு தென்னை, ஒரு லைற் கம்பம், ஒரு குப்பைத்தொட்டி என்று மூன்று இலக்கு வைத்தால் ஆடலாம். ஆள் வந்தால் நிற்பாட்டவேண்டும், அதுதான் இந்த விளையாட்டின் முதல் மரியாதை. அதற்கு நாங்கள் கேட்கவேண்டியது தட்டு இல்லை. அந்த மூலையை யாரும் வேலி போட்டு எடுத்துப்போகாமல் இருக்கவேண்டும் என்பதைத்தான் கேட்கவேண்டும்.