எலும்புக்கு ஒரு சாரம்

கொத்தனார் சுவர் எழுப்புகையில் சவுக்குக் கம்புகளால் சாரம் கட்டுகிறார். சுவர் நின்றதும் பிரித்துவிடுகிறார். ஒரு பகுதியை இழந்துவிட்ட எலும்பு மீண்டும் வளர்வதற்கும் இத்தகைய சாரம் வேண்டும் என்கின்றனர் அறிஞர். ஆனால் உடலுக்குள் அதைப் பிரிக்க ஆள் ஏது? அது தானே கரைய வேண்டும். முந்திக் கரைந்தால் இடம் சரியும். பிந்தினால் வளர்ச்சிக்கு அதுவே தடை.

எலும்பின் குறையை எலும்பாலேயே நிரப்புவது பழைய வழி. 1880-ஆம் ஆண்டையொட்டி கிளாஸ்கோ நகரில் மக்யூவன் என்னும் அறுவை மருத்துவர், சீழ்பிடித்து அழிந்த ஒரு சிறுவனின் புயத்தெலும்பை, பிற நோயாளிகளின் வளைந்த கால்களை நிமிர்த்தும்போது கிடைத்த எலும்புத் துண்டுகளைக் கொண்டு உருவாக்கினார். நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே சிறிது எடுத்து வைப்பது இன்றும் சிறந்த முறை. எனினும் ஒரு புண்ணை ஆற்ற மற்றொரு புண்ணா? எடுக்கக்கூடிய அளவும் சொற்பமே.

1967-இல், பொருள்களின் இயல்பை ஆராய்ந்துவந்த லாரி ஹென்ச் என்னும் அமெரிக்கர், மாநாடு ஒன்றுக்குப் பஸ்ஸில் சென்றுகொண்டிருந்தார். வியட்நாமிலிருந்து திரும்பிய ராணுவ அதிகாரி ஒருவர், உடல் ஒதுக்கித் தள்ளாத பொருளொன்றைச் செய்ய இயலாதா என்று அவரைக் கேட்டார். உயிரைக் காத்தும் கைகால்களைக் காக்க முடியாத வேதனை அக்கேள்வியில் இருந்தது. 1969-இல் புளோரிடாவில், சிலிகாவுடன் சோடியம், கால்சியம், பாஸ்பரஸ் கலந்த கண்ணாடியொன்றை ஹென்ச் உருக்கினார். எலிகளின் தொடையெலும்பில் வைத்து, ஆறு வாரம் கழித்துப் பிடுங்கிப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு பிணைத்துக்கொண்டிருந்தது!

இதனினும் வியப்பானது, என் கருத்தில், மார்ஷல் யூரிஸ்ட் 1965-இல் வெளியிட்ட செய்தி. அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணச்சத்து நீக்கிய எலும்பை அவர் விலங்குகளின் தசைக்குள் வைத்தார். எலும்பே இல்லாத அவ்விடத்தில் புதிய எலும்பு முளைத்தது! எலும்பாகுமாறு உயிரணுக்களை ஏவும் புரதம் அதனுள் இருந்ததே காரணம்.

ஆகவே சாரம் வெறும் தாங்கு மட்டுமன்று, அழைப்பும் ஆகும். அழைத்தவர் நுழைய வழி வேண்டுமே! ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கேனும் அகலமுள்ள துளைகள் தேவை என்று 1970-ஐ ஒட்டிய சோதனைகள் காட்டின. இரத்தக் குழாய்கள் நன்கு படர, அதனினும் மும்மடங்கு அகலம் நல்லது என்பது பிற்கால முடிவு. துளையைப் பெருக்கினாலோ வலிமை குறைகிறது. உடலின் பாரம் தாங்கும் தொடையெலும்பில் பெரிய குறை நேர்ந்தால், சாரத்துக்குத் துணையாக உலோகத் தகடோ கம்பியோ இன்னமும் வேண்டியிருக்கிறது.