ஆபீஸ் வீடான கதை: சிங்கப்பூரின் ஆசியா இன்சூரன்ஸ் கட்டடம்

நம்ம தூத்துக்குடியில் அண்ணாந்து பார்க்க என்ன இருக்கிறது? அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள், பனிமய மாதா கோயில் கோபுரம். மாடிக் கட்டடம் என்றால் நமக்கெல்லாம் ஞாபகம் வருவது 1959இல் திறந்த சென்னை எல்.ஐ.சி.தான். அதற்கு 4 வருடம் மூத்த அண்ணன் ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார். அவரும் இன்சூரன்ஸ்காரர்தான். ஆனால் பிற்காலத்தில் அவர் குடித்தனம் நடத்தும் வீடாகிவிட்டார்! அந்தக் கதைதான் இது.

ராஃபிள்ஸ் பிளேஸ் அருகே, ஃபின்லேசன் கிரீன் என்ற இடத்தில் 1955இல் கட்டி முடிக்கப்பட்டது ஆசியா இன்சூரன்ஸ் கட்டடம். வடிவமைத்தவர் இங் கெங் சியாங் என்ற உள்ளூர்க் கட்டடக் கலைஞர். 80 மீட்டருக்கு மேல் உயரம். அன்றைக்குத் தென்கிழக்கு ஆசியாவிலேயே உயரமானது என்று பெயர் வாங்கியது.

இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏன் இப்படி உயரமாகக் கட்டின? யோசித்துப் பாருங்கள். 20, 30 வருடம் பிரீமியம் கட்டப் போகிறவனுக்கு, அத்தனை வருடமும் கம்பெனி இருக்கும் என்ற நம்பிக்கை வேண்டுமே! கட்டடம்தான் அந்த விளம்பரம்.

ஆனால் உயரம் நிலைக்கவில்லை. 1986இல் அதே வட்டாரத்தில் 280 மீட்டரில் ஓ.யு.பி. சென்டர் எழுந்தது. நம்மாள் அதன் பக்கத்தில் குட்டிப் பையனாகிவிட்டார். புதிய ஆபீஸ்களுக்குப் பரந்த தளங்கள் தேவைப்பட்டன. இவருடைய தளங்களோ சின்னவை.

ஆபீஸுக்குக் குறையாக இருந்த அதுவே வீட்டுக்கு நிறைவாகிவிட்டது. தளம் சின்னது என்றால் எந்த அறையும் ஜன்னலை விட்டுத் தூரம் போகாது. வெளிச்சமும் காற்றும் தாராளம்.

2006இல் அஸ்காட் நிறுவனம் இதை 109.5 மில்லியன் சிங்கப்பூர் டாலருக்கு வாங்கியது. 2007இல் அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது. இனி இடிக்க முடியாது. வெளித்தோற்றத்தைக் காப்பாற்றி, உள்ளே 146 சர்வீஸ் அபார்ட்மென்ட்கள் அமைத்து 2008இல் திறந்தார்கள். 2010இல் அதே குழுமத்தின் முதலீட்டு அறக்கட்டளைக்கு 220 மில்லியனுக்குக் கைமாறியது. 2019இல் அந்த அறக்கட்டளை விற்றபோது விலை 353.3 மில்லியன்!

காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது முழுக்க லாபம் இல்லை. புதுப்பித்த செலவைக் கழிக்க வேண்டும். நிலத்தின் விலையேற்றமும் இதில் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் பழைய கட்டடத்தை வைத்துக்கொண்டால் நஷ்டம்தான் என்ற பேச்சு எப்போதும் சரியில்லை என்பது தெரிகிறது.

இன்னொரு விஷயம். நம்ம ஊரில் கிட்டங்கி என்றால் சரக்கு அடுக்கும் குடோன். சிங்கப்பூரில் அது நகரத்தார் வட்டித் தொழில் செய்த இடம். இந்தக் கட்டடத்திலிருந்து சிறிது தூரத்தில் உள்ள மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் வரிசையாகக் கிட்டங்கிகள் இருந்தன. ஆளுக்கொரு பெட்டி, கணக்கு மேசை. பகலில் அங்கேயே கொடுக்கல் வாங்கல், இரவில் அங்கேயே பாய் விரித்துத் தூக்கம். ஆபீஸும் வீடும் ஒன்றே! அஸ்காட் 2008இல் செய்ததை நம்மவர்கள் எப்போதோ செய்துவிட்டார்கள். ஆனால் 1970களில் நகரச் சீரமைப்பு வந்தபோது அந்தக் கிட்டங்கிகள் போய்விட்டன. இன்சூரன்ஸ்காரர் தப்பித்தார், கிட்டங்கி தப்பவில்லை. பாதுகாப்பு அறிவிப்பு வருவதற்கு 30 வருடம் முன்பே அதன் முறை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

கிரேட் காட்டன் ரோட்டில் நடக்கும்போது இதுதான் ஞாபகம் வருகிறது. பழைய கம்பெனிக் கட்டடங்களைப் பார்த்தால் "எப்போ இடிப்பாங்க?" என்றுதான் நாம் கேட்கிறோம். "வேறு என்னவாக மாற்றலாம்?" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தால் என்ன? கணக்குப் போட்டுப் பார்க்கக் காசு செலவில்லையே. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே?